தலை தீபாவளிக்கு அரைக் கிணறு

ஸ்ரீபத்மநாபன் துணை
ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
கொல்லம் 1105 ஆவணி 22

சம்பந்தி விஜயம் அம்மாளுக்கு லலிதாம்பாள் எழுதுவது.

இதை எழுதும்போது கூடத்தில் இருப்பவர்கள்: நான், இவர், உங்கள் மாப்பிள்ளை கல்யாணராமன், உங்கள் பெண் சூடாமணி, என் நாத்தனார் மதுரம். வேறு ஒருவரும் இல்லை. யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டால், பின்னால் "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று யாரும் நழுவ முடியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் அகத்துக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? அவருக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயம் தீபாவளி. வைகாசியில் கல்யாணம் ஆன குழந்தைகளுக்கு இது தலை தீபாவளி. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும், நடக்கும். உங்கள் ஆனைப்பாறையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. "மலைமேலே வீடு, கொல்லைக் கதவைத் திறந்தா அருவி" என்று சூடாமணி தினமும் சொல்லிச் சொல்லி, மதுரம், "மன்னி, நானும் போய் ரெண்டு நாள் மலைக்காத்து வாங்கறேனே" என்கிறாள். அவளுடைய இரண்டு பெண்களும் வருவார்கள். உங்களுக்குச் சம்மதம்தானே?

சூடாமணி நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். ரசத்துக்கு இப்போது சரியாகப் புளி கரைக்கிறாள்.

இப்படிக்கு,
லலிதாம்பாள்


ஆனைப்பாறை, நெடுமங்காடு தாலுகா
புரட்டாசி 3

சம்பந்தி மாமிக்கு விஜயத்தின் அநேக நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை அஞ்சல் ஓட்டக்காரர் நேற்றுதான் கொண்டுவந்தார். இங்கே சௌக்கியம். அவருக்கு முழங்கால் தேவலை. மரடிப்போ கணக்கு எழுதி முடித்துவிட்டுச் சாயங்காலம் நடக்கிறார்.

மாப்பிள்ளை வருவது எங்கள் பாக்கியம். மதுரம் மாமியும் குழந்தைகளும் வருவது அதைவிட. இங்கே காற்று ரொம்ப நன்றாக இருக்கிறது. வானம் சுத்தமாக இருக்கிறது. ஒரு மேகம்கூடக் குறுக்கே வராததால் நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வடாம் பிழிந்தேன், ஒரே வெயிலில் காய்ந்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்கக்கூடாது. மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஜலதோஷம் பிடிக்குமா? மலையூர் அல்லவா? கொஞ்சமாக, தலையை மட்டும் நனைத்துக்கொண்டால் போதும் என்றால் அப்படியே செய்துவிடலாம். அவர் சௌகரியம்தான் முக்கியம்.

மிளகு கொஞ்சம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் யோசுவாவின் வண்டி அங்கே வரும்போது அனுப்புகிறேன்.

உங்கள் எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுதுங்கள்.
விஜயம்


ஸ்ரீவராகம்
புரட்டாசி 9

விஜயம் அம்மாளுக்கு,

சௌக்கியம். சௌக்கியத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதத்தைச் சூடாமணிதான் உரக்கப் படித்தாள். இந்த வீட்டில் எந்தக் கடிதமானாலும் அப்படித்தான். ஜலதோஷம் என்ற இடம் வந்ததும் கல்யாணராமன் சிரித்த சிரிப்பில் இவர் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார். நீங்கள் கவலையே படவேண்டாம். என் பிள்ளை யானைக் குட்டி. ஸ்ரீவராகம் குளத்தில் இறங்கினால் ஆபீஸுக்கு நேரமாச்சு என்று கரையில் நின்று கத்த வேண்டும். தீபாவளியன்று ஒரு அண்டா வெந்நீர் அவனுக்கு மட்டும் வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் அருவியில் வேறு போய் நிற்பானாம்.

மதுரத்துக்கு மடி கொஞ்சம் அதிகம். ஒரு தம்ளரை மூன்று தரம் அலம்புவாள். அப்புறம் அலம்பின கையை அலம்புவாள். அவள் குளிப்பதற்குத் தனியாக ஒரு தவலை போதும். பெண்கள் இரண்டு பேருக்கும் முழங்கால் வரை தலைமயிர், சீயக்காய் போக அலச வேண்டும். மற்றபடி உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

பட்சணம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். இங்கே இரண்டாம் தரம் செய்யாமல் இருக்கலாம்.

லலிதாம்பாள்


ஆனைப்பாறை
புரட்டாசி 17

மாமிக்கு நமஸ்காரம். இங்கே க்ஷேமம்.

பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்க வேண்டும். இங்குள்ள சாஸ்தா கோயிலில் பூஜை செய்யும் போற்றி பெரிய ஞானஸ்தர். ஜலத்தில் குளிப்பதைவிட மந்திரத்தால் ஸ்நானம் செய்வது உசத்தி என்கிறார். நான்கு சொட்டு புரோட்சணம் போதுமாம். மாப்பிள்ளை இந்தக் காலத்துப் படிப்புப் படித்தவர், அவருக்கு இது பிடிக்கும் என்று தோன்றிற்று.

இன்னொன்று. தலை தீபாவளி என்பதைத் தலைப் பொங்கலாக வைத்துக்கொண்டால் என்ன என்று சூடாமணியின் அப்பா கேட்கச் சொன்னார். தை மாசம் மலை ரொம்ப அழகாக இருக்கும்.

பட்சணம்: முறுக்கு, தேங்குழல், ரவாலாடு. எல்லாம் உலர்ந்த பட்சணமாகவே செய்வதாக உத்தேசம்.

விஜயம்


ஸ்ரீவராகம்
புரட்டாசி 24

விஜயம் அம்மாளுக்கு லலிதாம்பாள் எழுதுவது.

உடம்பு எல்லோருக்கும் சௌக்கியம். மனசு அப்படி இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் மதுரம், "மன்னி, வராதேங்கறதுக்கு இவ்வளவு சுத்து வழியா? ஒத்தை வார்த்தையிலே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"எங்கம்மா அப்படிச் சொல்றவ இல்லை அத்தை" என்றாள் சூடாமணி.

"பின்னே? நாலு சொட்டு புரோட்சணம்னா என்ன அர்த்தம்? நாங்க என்ன துளசிச் செடியா?"

சூடாமணி உள்ளே போய்விட்டாள். அன்று ரசத்தில் புளியும் இல்லை, உப்பும் இல்லை. ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டோம்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரும் கிடையாது. பால்காரிக்கும் வண்ணானுக்கும் கணக்கு வைத்து வைத்து வந்த கை இது. அதனால் நேராகவே கேட்கிறேன். பேர் அதிகம் என்று நினைக்கிறீர்களா? மதுரத்தையும் பெண்களையும் நிறுத்திவிட்டேன். இல்லை, என் பிள்ளை வருவதே இஷ்டமில்லையா? நாங்கள் என்ன தப்பு செய்தோம்? தலை தீபாவளியைப் பொங்கலுக்கு மாற்றுவதை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

உடனே பதில் எழுதவும்.
லலிதாம்பாள்


ஸ்ரீவராகம்
ஐப்பசி 2

சென்னைப் பட்டணத்தில் மகனோடு இருக்கும் அடுத்த வீட்டு சொர்ணம்மாள் மாமிக்கு லலிதாம்பாள் நமஸ்காரம். பட்டணத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் என் வீட்டில் ஏற்றுகிறேன். சாவி பத்திரம்.

ஒரு தர்மசங்கடம். சம்பந்தி அம்மாள் என் கடைசிக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். நேற்று அவர்கள் ஊர் வண்டிக்காரன் யோசுவா மிளகு கொண்டுவந்தான். கொல்லையில் நின்று மோர் கேட்டான், கொடுத்தேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். இன்னும் கேட்டான்.

"என்னப்பா, ஆனைப்பாறையிலே தண்ணியே கிடையாதா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவன் செம்பைக் கீழே வைத்தான். "அம்மாவுக்கு அறியாதா? ஓடை வத்தி ரெண்டு மாசமாச்சுல்லா! மலையிலேர்ந்து வீட்டுக்குத் தண்ணி வார கமுகுப் பாத்தியில ஓணான் படுத்து ஒறங்குது. ஆடி மழையும் ஏமாத்திப்போட்டு, ஐப்பசி மழையும் காணல்ல. ஆனைகூட மலையெறங்கி ஆத்தங்கரைக்குப் போயாச்சு."

"அருவி?"

"அருவி இருந்த எடத்துல பாறை இருக்கு. நல்ல பாறை."

அவன் வண்டியில் எட்டுக் காலி மண்ணெண்ணெய் டின் இருந்தது, சாலைக் கடையில் வாங்கினது. எதற்கு என்று கேட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் நாலு மைல் கீழே ஆற்றுக்குப் போய், சம்பந்தி பஞ்சாபகேசய்யர் தாமே இறங்கித் தண்ணீர் மொண்டு வண்டியில் ஏற்றப் போகிறாராம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! மாப்பிள்ளை குளிக்க வேண்டுமே என்று.

"சொல்லண்டாம்னு சொன்னாவ. நான் ஒண்ணும் சொல்லல்ல, கேட்டேளா?" என்று சொல்லிவிட்டு யோசுவா வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

நான் ஒரு அண்டா கேட்டேன், தவலை கேட்டேன், பத்மநாபா! கடிதத்துக்குக் கடிதம் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். சம்பந்தி வீட்டாரிடம் "எங்களிடம் தண்ணீர் இல்லை" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எனக்குத் தெரியும்" என்று நான் எழுதினால் அவள் இன்னும் குன்றிப்போவாள். இங்கே வந்து பண்டிகை செய்யுங்கள் என்றால் வரமாட்டாள். பேரன் பிறக்கும் வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

ஆகையால் மூன்று நாளைக்கு உங்கள் வீட்டைத் தருவீர்களா? உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுச்சுவர் கிணற்றின் மேலேயே போகிறதே, ஆளுக்குப் பாதிக் கிணறு, ஆளுக்கு ஒரு ராட்டினம். அந்தப் பாதி உங்கள் பாதி. அதில் அவள் இறைத்தால் அது எங்கள் வீட்டுத் தண்ணீர் ஆகாது.

தந்தியில் பதில் வந்தால் உபகாரம்.
லலிதாம்பாள்


ஸ்ரீவராகம்
ஐப்பசி 6

விஜயம் அம்மாளுக்கு,

இங்கே சௌக்கியம். போன கடிதத்தில் என் கை கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது. மனசில் வைக்க வேண்டாம்.

உங்களால் எனக்கு ஒரு உபகாரம் ஆகவேண்டும். அடுத்த வீட்டு சொர்ணம்மாள் மாமி பட்டணத்தில் இருக்கிறாள். தீபாவளியன்று தன் வீடு அடுப்பு மூட்டாமல் இருண்டு கிடக்குமே என்று அவளுக்கு வேதனை. "யாராவது சுமங்கலியைக் கூப்பிட்டுப் பண்டிகை நடத்து. ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போடு" என்று தந்தியே அடித்துவிட்டாள். இந்தத் தெருவில் எல்லோருக்கும் அவரவர் வீடு இருக்கிறது. உங்களை விட்டால் எனக்கு யாரும் தோன்றவில்லை.

நீங்கள் வந்தால் அது உங்கள் வீடு. உங்கள் அடுப்பு, உங்கள் அரிசி, உங்கள் விளக்கு. அந்த வீட்டுக்குக் கிணற்றில் சரிபாதி உண்டு, நடுவில் சுவர் இருக்கிறது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். மாப்பிள்ளை உங்கள் வீட்டுக்கு முறைப்படி வருவான்.

மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். சொர்ணம்மாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

லலிதாம்பாள்


ஆனைப்பாறை
ஐப்பசி 9

மாமிக்கு விஜயம் நமஸ்காரம்.

சௌக்கியம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்தத் தடவை உள்ளதை எழுதுகிறேன்.

யோசுவா வந்ததும், "என்ன சொன்னாய்?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல்ல" என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னான். அப்போதே தெரிந்துபோயிற்று. சொர்ணம்மாளின் இருண்ட வீட்டைப் படித்துவிட்டு நானும் அவரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

ஆவணியிலிருந்தே இப்படித்தான். கீழே ஓடை மணலில், காட்டில் குடியிருக்கும் காணிக்காரர்கள் ஊற்றுத் தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கே போதாது. அதிலும் காலையில் ஒரு குடம் எங்களுக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். மிளகுக்கொடி சருகாகிவிட்டது. பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. மாமி ஒரு அண்டா வெந்நீர் என்று எழுதின அன்று அந்த ஒரு குடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதில் எவ்வளவு மாப்பிள்ளையைக் குளிப்பாட்டலாம் என்று யோசித்தேன். ஒரு கை, ஒரு காது வரைக்கும் வந்தது.

வருகிறேன். அரிசியும் எண்ணெயும் நான்தான் கொண்டுவருவேன், அதில் மட்டும் நீங்கள் பேசக்கூடாது. அவருக்குத்தான் சந்தேகம். காடு முழுவதும் காய்ந்த சருகு, டிப்போவில் தேக்குத் தடி. தீக்காவலை விட்டு வரமுடியாது என்கிறார். பெண்ணின் அப்பா இல்லாமல் தலை தீபாவளியா என்று மதுரம் மாமி கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன்.

விஜயம்


ஆனைப்பாறை
கார்த்திகை 7

மாமிக்கு அநேக நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? நாங்கள் கிளம்புகிற அன்று சூடாமணி கொஞ்சம் சோர்வாக இருந்தாள்.

ஊர் வந்து சேர்ந்து இத்தனை நாளாகியும் எனக்குத் தீபாவளிச் சிரிப்பு அடங்கவில்லை. மாமியார் வீட்டுக்கு நடந்து போகிறதாவது என்று மாப்பிள்ளை பெட்டியோடு ஜட்காவில் ஏறி, கிழக்கேகோட்டை வாசல் வரை போய்த் திரும்பி, கிளம்பின வீட்டுக்கு அடுத்த வீட்டில் வந்து இறங்கினாரே! "பிரயாணம் எப்படி?" என்று நான் கேட்க, "ரொம்ப தூரம் மாமி, களைச்சுப்போயிட்டேன்" என்று ஊஞ்சலில் உட்கார்ந்தார். சூடாமணியின் அப்பா வருவாரோ மாட்டாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, விடியற்காலையில் தடி வண்டியின் மேல் உட்கார்ந்து உடம்பெல்லாம் புழுதியோடு இவர் வந்து இறங்கினார். காட்டிலாகா ரேஞ்சர் ஒரு நாள் லீவு விட்டாராம். மகளுக்கு இவர் எண்ணெய் வைத்தபோது புழுதி யார் தலையிலிருந்து யார் தலைக்குப் போயிற்று என்று தெரியவில்லை.

கிணற்றில் உங்கள் வாளியும் என் வாளியும் முட்டிக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதுரம் மாமி, "விஜயம், கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கிணற்றுக்குள் குனிந்து கேட்க, நான் இந்தப் பக்கம் குனிந்து, "மூணாம் தடவை ஆயிண்டிருக்கு மாமி" என்றேன். ஆமாம், மூன்று தடவை குளித்தேன். மாப்பிள்ளை கூட அவ்வளவு குளிக்கவில்லை.

இனி உள்ளது. மழை இன்னும் இல்லை. துலாமாசம் முடிந்து கார்த்திகையும் பிறந்துவிட்டது, இனி வரும் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. காணிக்காரர்களும் ஊற்றை விட்டு ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடும்படி ரேஞ்சர் சொல்கிறார். ஆண்கள் மட்டும் தீக்காவலுக்கு இருப்பார்கள். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இப்போது இல்லை, மாமிக்குத் தெரியும்.

போன தடவை சுற்றிச் சுற்றி எழுதி உங்களைப் படுத்திவிட்டேன். இப்போது கேட்டுவிடுகிறேன். மழை வருகிற வரைக்கும் சொர்ணம்மாள் மாமியின் வீட்டில் எனக்கு இடம் கிடைக்குமா?

விஜயம்


ஸ்ரீவராகம்
கார்த்திகை 13

விஜயத்துக்கு,

அம்மாள் என்பதை எடுத்துவிட்டேன். ஒரு கிணற்றில் இறைத்தவர்களுக்குள் எதற்கு அது?

க்ஷேமம். நீ கேட்டாய் பார், அதைப் படித்ததும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் சொர்ணம்மாள் வீடு இல்லை. கோயிலில் ஆறு வருஷத்துக்கு ஒரு தரம் வரும் முறைஜபம் தொடங்கிவிட்டது. தை பிறந்தால் லட்சதீபம். அதைப் பார்க்க அவள் பிள்ளை, மருமகள், மருமகளின் தாயார் சகிதம் திரும்பி வந்தாயிற்று. தெருவில் ஒரு வீடு காலியில்லை. அவள் பாதிக் கிணற்றில் பொழுது விடிந்தால் ராட்டினம் நிற்பதில்லை.

ஆகையால் நீ வரவேண்டியது என் வீட்டுக்கு. பேரன் பிறக்காமல் கை நனைக்க மாட்டேன் என்பாய். தெரியும். அதனால்தான் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நேற்று ராகுகாலம் கழிந்தபின் எல்லோரையும் கூட்டி உட்கார்த்தினேன். இருந்தவர்கள்: நான், இவர், கல்யாணராமன், மதுரம், வாசற்படிக்கு அந்தப் பக்கம் சூடாமணி. சூடாமணி அந்தப் பக்கம் நின்றதற்குக் காரணம் வெட்கம். வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் மாசம். கிளம்புகிற அன்று சோர்வாக இருந்தாள் என்று எழுதினாயே, அதுதான்.

"உண்டாயாச்சு, பிறக்கலை. இதுக்கு என்ன முறை?" என்று மதுரத்தைக் கேட்டேன். மடியென்றால் அவளுக்கு மிஞ்சி இந்தத் தெருவில் ஆள் கிடையாது, உனக்கே தெரியும்.

"பேரன் வீட்டிலே சாப்பிடலாம்னுதானே வழக்கம்? பேரன் இந்த வீட்டிலேதானே இருக்கான்? வெளியிலே வரலை, அவ்வளவுதான்" என்றாள்.

"பேத்தியா இருந்தா?" என்றான் கல்யாணராமன்.

"இருந்தா பேத்தி வீட்டிலே சாப்பிடட்டும். அவளுக்கும் பசிக்கும், அவ பாட்டிக்கும் பசிக்கும். போடா!"

இவர் எழுந்து பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதையே சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனியில் வரவேண்டியதைக் கார்த்திகையிலேயே வரவாக எழுதுவது என் பழக்கம் இல்லை. நெல் களத்துக்கு வந்து, அளந்து, நான் கண்ணால் பார்த்தபிறகுதான் எழுதுவேன். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டேன். இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

சூடாமணிக்குக் காலையில் எது கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வைக்கிற மிளகு ரசம் வேண்டுமாம். நான் வைத்தால் அது வேறு ரசமாம். நேராக என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பஞ்சாபகேசய்யர் மட்டும் அங்கே என்ன சாப்பிடுவார் என்று கவலைப்படாதே. வாராவாரம் யோசுவா வண்டியில் பொடியும் ஊறுகாயும் போகும். அந்த எட்டு டின்களையும் அவனிடம் இங்கே அனுப்பிவைக்கச் சொல். கிணற்றில் நிரப்பித் தருகிறேன்.

நீ எந்த நாளில் வருகிறாய் என்பதை மட்டும் எழுது. நெடுமங்காடு பஸ் வரும் இடத்தில் கல்யாணராமன் நிற்பான். பதில் சீக்கிரம் போடு.

லலிதாம்பாள்